800 கலோரியில் ஏன் எடை நின்றுவிட்டது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 36 வயது, பழைய வண்ணாரப்பேட்டை. உயரம் 156 செ.மீ. இரண்டரை மாதத்துக்கு முன்னால் எடை 79 கிலோ. வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. போனில் ஒரு ஆப் போட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குறைய வேண்டும் என்று கொடுத்தேன். நாளுக்கு 800 கலோரி என்று வந்தது. முதல் மாதம் 5 கிலோ இறங்கியது. அதற்கப்புறம் 74-லேயே நிற்கிறது. தலை வாரினால் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. கீழே அடிபம்பில் அடித்த குடத்தை முன்பெல்லாம் ஒரே மூச்சில் இரண்டாவது மாடிக்கு ஏற்றிவிடுவேன், இப்போது நடுப்படியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன். வாரநாளில் ஒழுங்காக இருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் வாயைக் கட்ட முடியவில்லை, அப்புறம் அழுகை வருகிறது. 600-க்குக் குறைத்தால் மறுபடி இறங்குமா? என்னைப் பார்த்து அம்மாவும் போன வாரம் ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு 61 வயது, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் போடுகிறார். சாப்பாட்டைக் குறைத்ததிலிருந்து கை நடுங்குகிறது என்கிறார். பழகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பை இத்துடன் அனுப்புகிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: பழகாது. முதலில் அம்மா விஷயத்தை முடித்துவிடுவோம். கடிதத்தைப் படித்ததும் இதை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். வீட்டில் ஒருவர் டயட் ஆரம்பித்தால் சுகர் மாத்திரை போடுகிறவரும் சேர்ந்துகொள்வது நிறைய வீடுகளில் நடப்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அது பார்க்காது. நாலு இட்லி சாப்பிடுகிற அம்மாவுக்கு டாக்டர் எழுதிய அளவு, ஒன்றரை இட்லி சாப்பிடுகிற அம்மாவுக்கு அதிகம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீரென்று கண் இருட்டுவது எல்லாம் சுகர் 70-க்குக் கீழே போகிறபோது வரும் அறிகுறிகள். கை நடுங்கும்போது வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். மயக்கமாகிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா இன்றைக்கே பழைய அளவுச் சாப்பாட்டுக்குத் திரும்பட்டும். மாத்திரையை அவராக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டுகிறார் என்றால் அங்கே, வேறு டாக்டர் என்றால் அவரிடம், ஒரு வாரமாக என்ன சாப்பிட்டார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையின் அளவையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். சாப்பாடும் அதோடு உப்பும் குறைந்தால் பிரஷர் இறங்கும், விடியற்காலையில் எழுந்து பாத்ரூம் போகிறவர் அங்கேயே விழுவார். இன்னொன்று, மாத்திரைச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் இருந்தால் பட்டினி கிடக்கவே கூடாது. சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

சரி, இனி உங்கள் கேள்வி. 800 கலோரி சாப்பாடு உலகத்தில் இல்லாத ஒன்று கிடையாது. டாக்டர்கள் அதைச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் டைரக்ட் என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முதல் முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள் என்று பார்த்துச் சேர்த்து, மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். எங்கள் தொழிலில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த ஆய்வு அது. நானும் அதை மதிக்கிறேன்.

ஆனால் அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். ரசஞ்சோறு இல்லை, ஓட்ஸ் கஞ்சியும் இல்லை. ஒரு நாளுக்கு வேண்டிய புரதம், வைட்டமின், தாதுக்கள் எல்லாம் அளந்து சேர்த்த பாக்கெட் உணவு. சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் முதல் நாளே டாக்டர்கள் திட்டமிட்டு நிறுத்தினார்கள், ஏறினால் திரும்பக் கொடுப்பதற்கும் வழி வைத்திருந்தார்கள். நர்ஸோ உணவியல் நிபுணரோ தொடர்ந்து கூடவே இருந்தார்கள். முடிந்த பிறகு சாதாரணச் சாப்பாட்டை வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆப் உங்களுக்கு அந்த 800-ஐ மட்டும் எடுத்துக் கொடுத்தது, மற்றதையெல்லாம் விட்டுவிட்டது.

மற்றது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய சம்பவம் உண்டு. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் திரவப் புரத டயட் என்று ஒன்று பெரிதாக ஓடியது. நாளுக்கு 300, 400 கலோரி, தரமில்லாத புரதம், வேறு சாப்பாடு எதுவும் கிடையாது. 1977-க்குள் சுமார் 60 பேர் இறந்ததாகப் பதிவானது. அவர்களில் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானதுதான் காரணம். எடை என்னவோ நன்றாகத்தான் குறைந்துகொண்டிருந்தது.

நம் ஊர் விஷயத்துக்கு வந்தால், ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டியில், எடை குறைக்கும் சாப்பாடு நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது, வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது பாதுகாப்பானது என்று இருக்கிறது. 1,000 என்பதும் தரைமட்டம்தான். எல்லோரும் அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை.

உங்களுக்கு எவ்வளவு? மிஃப்ளின் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது, 1990-ல் வந்தது. எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதில் வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண் என்றால் இன்னொரு 161 கழிக்க வேண்டும். 74 கிலோ, 156 செ.மீ., 36 வயதுக்கு 1,374 வருகிறது. மேல்நாட்டு உடம்புகளை அளந்து போட்ட சூத்திரம், நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், அதனால் 1,300 என்று வைத்துக்கொள்கிறேன். நாள் முழுக்கப் பாயை விட்டு எழாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, சிறுநீரகம், மூச்சு இவற்றுக்கே இந்த 1,300 வேண்டும். சமையல், துணி, மாடிப்படி, கடைத்தெரு எல்லாம் சேர்த்தால் சுமார் 1,800. இதிலிருந்து 400 குறைத்தால் 1,400. உங்கள் இலக்கு அதுதான்.

"800-லேயே இறங்காத எடை 1,400-ல் எப்படி இறங்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் நீங்கள் அனுப்பிய குறிப்பிலேயே இருக்கிறது. இவ்வளவு நேர்மையாக எழுதி யாரும் எனக்கு அனுப்பியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை: காலையில் பிளாக் காபி, பொடி தொட்டு இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், கோஸ் பொரியல். நாலு மணிக்கு பிளாக் டீ, இரண்டு மேரி பிஸ்கட். ராத்திரி தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ், ஒரு கொய்யா. படுக்கும்போது ஒரு டம்ளர் பால். நான் கூட்டினாலும் 750-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள்: "பெரியவன் வைத்துவிட்டுப் போன அரை தோசை. இது கணக்கா மேடம்?" கணக்குதான். அது மட்டும் இல்லை. கோஸ் பொரியல் என்று நீங்கள் தட்டினால் ஆப் வெந்த கோஸை நினைத்துக்கொள்ளும், நீங்கள் தாளித்த எண்ணெய் அதற்குத் தெரியாது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி, நம் வீடுகளில் யார் டீஸ்பூனில் ஊற்றுகிறோம்? குழம்பில் உப்பு பார்க்க இரண்டு முறை வாயில் விட்டது, சின்னவனுக்கு ஊட்டி மிஞ்சிய பருப்புசாதம், பக்கத்து வீட்டில் மறுக்க முடியாமல் குடித்த சர்க்கரை போட்ட டீ. ஐந்து பேருக்குச் சமைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இதெல்லாம் நாளுக்கு 300, 400 கலோரி வந்துவிடும். ஆக வாரநாளில் உண்மையில் 1,150.

அப்புறம் சனிக்கிழமை. மதியம் சாப்பிடவில்லை. ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் போய் ஒரு பிளேட் அத்தோ, பேஜோ, இரண்டு முட்டை மசாலா. பூண்டு எண்ணெயில் பிசைந்து, மேலே பொரித்த வெங்காயமும் நொறுக்கிய மொறுமொறு பேஜோவும் போட்டுக் கொடுக்கிற பர்மா நூடுல்ஸ்தான் அத்தோ. கடைக்காரர் கையைப் பொறுத்து அது மட்டுமே 500, 600 போகும். வீட்டுக்கு வந்து தயிர்சாதம், நடுராத்திரி எழுந்து மிக்சர். ஞாயிறு காசிமேட்டிலிருந்து வந்த வஞ்சிரம் வறுவல், குழம்பு, சோறு இரண்டு தடவை, சாயங்காலம் பஜ்ஜி. இந்த இரண்டு நாளும் தலா 2,600-க்குக் குறையாது.

இப்போது வாரத்தைக் கூட்டுங்கள். ஐந்து நாள் 1,150 வீதம் 5,750. இரண்டு நாள் 2,600 வீதம் 5,200. மொத்தம் 10,950, ஏழால் வகுத்தால் நாளுக்கு சுமார் 1,560. நீங்கள் படுகிற பாடு 800-க்கு, உடம்புக்குள் போவது 1,560. நான் சொல்கிற 1,400 இப்போது போவதைவிடக் குறைவு. அதில் பசியும் குறைவு.

செலவுப் பக்கமும் சுருங்கியிருக்கிறது. மதியத்துக்கு மேல் எழுந்திருக்கவே முடியவில்லை, மார்க்கெட்டுக்கு இப்போது ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன் என்று குறிப்பில் இருக்கிறது. சாப்பாடு குறைந்தால் உடம்பு உங்களைக் கேட்காமலே நடமாட்டத்தைக் குறைத்துவிடும், உள்ளே எரிகிற அளவையும் கொஞ்சம் தணித்துவிடும். 1,800 செலவாக வேண்டிய இடத்தில் உங்களுக்கு இப்போது 1,650 ஆனாலே அதிகம். 1,560-க்கும் 1,650-க்கும் நடுவில் என்ன இருக்கிறது? வாரத்துக்கு நூறு கிராம்கூடக் குறையாது, அது தராசில் தெரியவும் தெரியாது.

பட்டினி கிடந்தால் உடம்பு பூட்டிக்கொள்ளும், ஒரு கிராம்கூட இறங்காது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். 1944–45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேரைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். கடைசிவரை இளைத்தார்கள், கிட்டத்தட்ட கால்வாசி எடை போனது. அந்த அரைப்பட்டினி எவ்வளவு தெரியுமா? நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. அவர்கள் ஆண்கள், ஒல்லியான உடம்பு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும், அதனால் உங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது. நான் அவர்களை இழுத்து வந்தது வேறு காரணத்துக்கு. அந்த இளைஞர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். கட்டுப்பாடு முடிந்ததும் நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டும் வயிறு நிறையவில்லை என்றவர்கள் உண்டு. உடல்நலம், மனநலம் இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள். எனவே சனிக்கிழமை ராத்திரி மிக்சர் டப்பாவோடு உட்கார்ந்து அழ வேண்டாம். ஐந்து நாள் பட்டினிக்கு உடம்பு கேட்கிற பாக்கி அது. 600 ஆக்கினால் பாக்கிதான் கூடும்.

முதல் மாதம் 5 கிலோ போனதே என்று மனசு அதிலேயே நிற்கும். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் அது கரைந்து தண்ணீராகப் போகும். அந்த 5 கிலோவில் ஒரு பங்கு இது. நம் பக்கத்துப் பாக்ஸிங் பையன்களைக் கேளுங்கள், எடை பார்க்கிற காலையில் பிளாஸ்டிக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடி இரண்டு கிலோ இறக்குவான், மறுநாள் ரிங்கில் ஏறும்போது அது திரும்ப வந்திருக்கும். கொழுப்பு அப்படிப் போகாது, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி கணக்கு.

எனக்கு அதிகக் கவலை உங்கள் குடத்தைப் பற்றித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டில் புரதம் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். உங்களுக்கு நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். சாப்பாட்டிலிருந்து வராவிட்டால் உடம்பு தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அவசரமாகக் குறைக்கிற எடையில் கால் பங்கு, சில நேரம் அதற்கு மேலும், தசையாகவே போய்விடும். நடுப்படியில் குடத்தை இறக்கி வைக்கிறீர்கள் என்றால் தொடையிலும் கையிலும் வலு குறைந்திருக்கிறது. பிற்பாடு எடை திரும்ப ஏறும்போது கொழுப்பாக ஏறுவது சுலபம், தசையாக ஏறுவது கஷ்டம். இரும்புச்சத்து குறைந்திருந்தாலும் இப்படி மூச்சு வாங்கும், அதையும் பார்க்க வேண்டும். பின்னால் சொல்கிறேன்.

1,400 கலோரிச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று உங்கள் அடுப்பிலிருந்தே சொல்கிறேன். காலையில் பால் டீ குடியுங்கள், சர்க்கரையை மட்டும் அரை ஸ்பூனுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு அவித்த முட்டை. இதிலேயே 17 கிராம் புரதம் வந்துவிடும், பதினொரு மணிக்குக் கண் இருட்டாது. ரேஷனில் கிடைக்கிற துவரம்பருப்பை நம் வீடுகளில் சாம்பாருக்கு நிறம் வருகிற அளவுக்குத்தான் போடுகிறோம், அதை இரண்டு மடங்காக்கினால் போதும். மதியம் 150 கிராம் வெந்த சோறு, அதாவது ஒரு சின்னக் கப் தட்டி எடுத்த அளவு. கூட மீன். கடலோரத்தில் இருந்துகொண்டு புரதப் பவுடருக்கு அலைய வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி எது மலிவோ அது, முள் போக நூறு கிராம் என்றால் 20 கிராம் புரதம் வரும். குழம்பாக வையுங்கள், வறுவல் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். கீரையோ காயோ தட்டில் பாதி. சாயங்காலம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டீயும். ராத்திரி இரண்டு சப்பாத்தி அல்லது இரண்டு தோசை, பருப்புக் கூட்டு, மோர். தோசை என்றால் சட்டினியில் தேங்காயைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸை நிறுத்திவிடலாம். பிடித்துச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், நீங்கள் குறிப்பில் ஒரு நாள்கூட அதை ஆசையாக எழுதவில்லை.

எண்ணெய் மட்டும் அளவு. வீட்டுக்கு ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று ஒரு பாட்டிலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். மாதம் முடிவதற்குள் பாட்டில் காலியானால் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மாமியார் ஏதாவது சொல்வார், சொல்லட்டும்.

அத்தோவை விடச் சொல்ல மாட்டேன். நான் சொன்னாலும் நீங்கள் விட மாட்டீர்கள். சனிக்கிழமை மதியம் பட்டினி கிடக்காமல் மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைச் சாப்பிடுங்கள். முட்டை மசாலா ஒன்று போதும். கூடக் கொடுக்கிற வாழைத்தண்டு சூப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து தயிர்சாதம் கிடையாது. பசியோடு போகாவிட்டால் ஒரு பிளேட்டோடு எழுந்துவிட முடியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை பற்றிச் சுருக்கமாக. ராபின்சன் பூங்கா உங்களுக்குப் பக்கம்தான். 1949-ல் திமுக தொடக்கக் கூட்டம் நடந்த அதே பூங்கா, இப்போது காலையில் வாக்கிங் கூட்டம். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள், அதற்கப்புறம் அரை மணி நேரம் நடங்கள். அதோடு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். தசைக்கு நடையைவிட இது முக்கியம்.

முடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உடம்புக்கு அதிர்ச்சி நடந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். இப்போது கொட்டுவது நீங்கள் ஆரம்பித்த நாட்களுக்கான பலன். அதனால் நாளையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாலும் இன்னும் சில வாரம் கொட்டத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து ஆயிரம் ரூபாய் எண்ணெய் எதுவும் வாங்காதீர்கள். வேர் அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

பித்தப்பைக் கல் பற்றி ஆப் சொல்லியிருக்காது. கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி விரிகிற வேலை குறையும், வேகமாக எடை இறங்கும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடும், இரண்டும் சேர்ந்தால் கல் உருவாக வசதி. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சாப்பிட்ட பிறகு வலது பக்க விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற வலி, தோள்பட்டைக்கு ஏறுகிற வலி வந்தால் கேஸ் என்று சோடா குடிக்காமல் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு படபடத்தாலோ, நின்ற இடத்தில் மயங்கி விழுந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, டாக்டரிடம் இந்த டயட்டையும் சொல்லுங்கள்.

எப்படியும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரை, பொட்டாசியம். அம்மாவுக்குச் சுகர் இருப்பதால் உங்களுக்கும் பார்த்தே ஆக வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பிஎம்ஐ, நம்மைப் போன்ற உடல்வாகுக்கு 25 தாண்டினாலே உடல்பருமன் கணக்கில் வைக்கிறார்கள், உங்களுக்கு இப்போதும் 30-க்கு மேல் இருக்கிறது. எனவே எடை குறைய வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரிதான். 79-லிருந்து 74 வந்ததில் ஆறு சதவீதம் குறைந்திருக்கிறது, பிரஷருக்கும் சுகருக்கும் அதுவே நல்லது செய்கிற அளவு. அதைத் தக்கவைத்துக்கொண்டு மேலே போவோம்.

நாளைக்கே 1,400-க்கு மாறினால் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் தராசு அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறிக் காட்டும். போன மாவுச்சத்தும் தண்ணீரும் திரும்ப வருவது அது. அன்றைக்குப் பயந்து மறுபடி 800-க்கு ஓடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை காலை, வெறும் வயிற்றில் மட்டும் எடை பாருங்கள். அத்தோ தின்ற மறுநாள் தராசில் ஏறுவது அந்த உப்புக்கு வந்த தண்ணீரைப் பார்ப்பதற்குத்தான் பயன்படும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவையும் மாதம் ஒரு தடவை குறித்து வையுங்கள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் வர வேண்டும் என்பது கணக்கு.

வைகாசிக்குள் நீங்கள் 6 கிலோ குறையலாம். 68 கிலோ. 60 ஆக மாட்டீர்கள், ஆக வேண்டிய தேவையும் இல்லை. எம்.சி. ரோட்டில் புடவை எப்போது வேண்டுமானாலும் எடுங்கள், ஜாக்கெட்டை மட்டும் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் அளவு கொடுங்கள், உள்ளே தையல் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் இப்படிச் சாப்பிட்டும் எடையோ இடுப்போ அசையவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு மறுபடி எழுதுங்கள். கூட ஒரு வாரக் குறிப்பும் வேண்டும், பென்சிலில் எழுதிய ஓரக்குறிப்புகளோடு.